குரோசே ராணியின் கடைசிச் சொல்

ஹெட்போனைக் காதில் மாட்டியதும் உலகம் சுருங்கி ஒரு மூச்சுச் சத்தமாகிவிட்டது. அந்த ஜப்பான்காரியின் மூச்சு. அந்த ஜப்பானிய கார்ட்டூன் தொடரில் குரோசே ராணிக்கு மூலத்தில் குரல் கொடுத்திருக்கும் அந்த அம்மாவை ஹெப்சிபா நேரில் பார்த்ததில்லை, படத்தில்கூடப் பார்த்ததில்லை, எழுபது தாண்டியவள் என்று டப்பிங் டைரக்டர் கிரிதரன் எப்போதோ சொன்னதோடு சரி. இருந்தாலும் நாலு மாதமாக, பதினொரு எபிசோடாக, வடபழனியில் இந்த இரண்டாம் மாடி ஸ்டூடியோவின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, அவள் மூச்சிழுக்கும் இடத்தில் தானும் இழுத்து, அவள் எச்சில் விழுங்கும் இடத்தில் தானும் விழுங்கி, இப்போதெல்லாம் வீட்டில் அரிசி களையும்போதுகூடக் கை அந்த மூச்சின் தாளத்தில்தான் சுழல்கிறது. இன்றைக்குப் பன்னிரண்டாவது எபிசோடு. முதல் பாகத்தின் முடிவு. காலை பத்தேகால். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிரிதரன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான், பக்கத்தில் சவுண்ட் இன்ஜினியர் அஷ்ரஃப் குனிந்து எதையோ நகர்த்திக்கொண்டிருந்தான், இருவருக்கும் நடுவில் மேஜைமேல் ஒரு பழுப்பு உறை கிடந்தது. இரண்டாம் பாகத்துக்கான ஒப்பந்தம். வந்ததும் வராததுமாக, "முடிச்சிட்டுப் போறப்போ கையெழுத்துப் போட்டுடுங்கக்கா, இருபத்திநாலு எபிசோடு, உங்களை விட்டா அந்தம்மாவுக்கு யாரு இருக்கா," என்று கிரிதரன் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போது தொண்டைக்குள் அந்த உருண்டை இருக்கிறதா என்று ஒரு தடவை விழுங்கிப் பார்த்துக்கொண்டாள். இருந்தது. எங்கே போகும். வீட்டுக்காரர் துரைசிங் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "இன்னைக்கு அவங்ககிட்டச் சொல்லிரணும், கேட்டியா?" முடித்த பிறகு சொல்கிறேன் என்றாள். எதை முடித்த பிறகு என்று அவர் கேட்கவில்லை.

திரையில் குரோசே ராணி உறைந்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளை பூசிய முகம், கண்ணோரம் சிவப்புக் கோடு, தலையில் இரண்டு கொம்புபோல் வளைந்த கறுப்பு அணி. முதல் நாள் இந்த முகத்தைப் பார்த்தபோது, சரி, நமக்கு இன்னொரு பேய் வந்திருக்கிறது என்றுதான் நினைத்தாள். இருபத்தொன்பது வருஷமாகப் பேய்களும் மாமியார்களும் மந்திரி மனைவிகளும் மந்திரவாதினிகளும்தானே அவளுக்கு வருகிறார்கள். பிறகு தொடரைத் தமிழுக்கு வாங்கிய கம்பெனி அனுப்பிய இரண்டு பக்கக் குறிப்பைப் படித்தாள். இந்தப் பாத்திரம் நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் நிஜமாக இருந்த ஒருத்தியைப் பார்த்து உண்டாக்கப்பட்டது என்று போட்டிருந்தது. புருஷன் போரில் செத்தபிறகு ஆற்றங்கரைக் கோட்டை ஒன்றை ஒன்பது வருஷம் ஆண்டவள். முழுப் பெயர்கூடத் தெரியவில்லை. எதிரிப் பிரபுவின் எழுத்தன் எழுதிவைத்த நாலு வரியில் அவள் இருக்கிறாள்: குரோசே கோட்டைப் பெண் ஆற்றை அவிழ்த்துவிட்டாள், படை மிதந்தது, அவள் பெண் அல்ல, பேய். அவ்வளவுதான். அது போக, அவள் கையால் தங்கைக்கு எழுதிய கடிதம் ஒன்று, பாதியைப் பூச்சி தின்றது போக மீதி. அதில் போர் இல்லை. மழை பிந்திவிட்டது, விதைநெல்லைப் பரணில் ஏற்றிவிட்டேன், உன் இருமலுக்கு அந்த வேர் கிடைத்ததா. அந்தப் பக்கத்தை ஹெப்சிபா பஸ்ஸில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தாள். ஒருத்தி ஆற்றை அவிழ்த்துவிட்டாள். அவளே தங்கையின் இருமலைப் பற்றிக் கேட்டாள். எழுத்தனுக்கு இது தெரியாது. படம் வரைந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கொம்பு வைத்து, சிவப்புக் கோடு போட்டு, கதைக்கு வில்லியாக நிறுத்திவிட்டு, ஆனாலும் அவள் விசிறியைக் கீழே வைக்கும்போது சத்தம் கேட்காமல் வைக்கும்படி வரைந்திருக்கிறார்கள். கோபம் வந்தால் வீசியெறிகிற ராணிகளுக்கு எத்தனை பேருக்குக் குரல் கொடுத்திருக்கிறாள் ஹெப்சிபா! இவள் வைக்கிறாள். இருபதாயிரம் பேர் கோட்டையைச் சுற்றி நிற்கிறார்கள், உள்ளே இருப்பது அறுநூறு பேர், தூதன் வந்து தலையைக் கேட்கிறான், இவள் விசிறியை மெத்தென்று வைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று தூதனைக் கேட்கிறாள். அந்த இடத்தைப் பேசிவிட்டு வெளியே வந்த அன்றைக்கு, கீழே காய்கறிக் கடையில் நின்றவள் கத்தரிக்காயைக்கூட மெதுவாகத்தான் எடுத்து வைத்தாள்.

"அக்கா, ரெடியா? ஒரு தடவை படத்தை ஓட்டறேன், பாத்துக்குங்க," என்று காதுக்குள் அஷ்ரஃபின் குரல். படம் நகர்ந்தது. கூடத்தின் கதவு உடைகிறது, கதையின் நாயகன் இசாமு கத்தியோடு உள்ளே வருகிறான். இவள் அவிழ்த்துவிட்ட ஆறு எதிரியின் படையை மட்டுமா கொண்டுபோயிற்று, இவளுடைய மூன்று ஊர்களையும் அல்லவா கொண்டுபோயிற்று. அதில் ஓர் ஊரில் பிறந்தவன் இசாமு. பார்க்கிறவர்கள் எல்லாரும் அவன் பக்கம்தான். ஏன் செய்தாய் என்று கேட்கிறான். நாற்பது விநாடி ராணி பேசுகிறாள், ஆற்றைப் பற்றி, கரையை வெட்டிய விடியற்காலையைப் பற்றி. அவன் திரும்பவும் கேட்கிறான், ஏன் செய்தாய். அப்போது முகம் மட்டும் திரை முழுக்க வருகிறது. ஒரே ஒரு சொல். மூடிய உதடு திறக்கிறது, மூடுகிறது. அவ்வளவுதான், பிறகு கயிறு கொண்டுவருகிறார்கள். வசனப் பேப்பரில் அந்த இடத்தில் 'ஆட்சிக்காகத்தான்!' என்று அடித்திருந்தது, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பலமான சிரிப்பு'. ஹெப்சிபாவுக்கு அது பொய் என்று தெரியும். மூலப் படத்தைக் கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளோடு வீட்டில் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். அங்கே ராணி சொல்வது வேறு. என்ன சொல்கிறாள் என்பது நாக்கு வரைக்கும் வந்தது, ஹெப்சிபா அதை உள்ளேயே வைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். தண்ணீர் அந்த உருண்டையைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. கழுத்தில் இடப் பக்கம், ஒரு நாவல் பழத்தளவு. தைராய்டில் கட்டி, பயப்படும்படியான கட்டியா என்பதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். டாக்டர் சின்னப் பெண், நல்ல பெண், வெள்ளைத் தாளில் தொண்டையை வரைந்தே காட்டினாள். "இதோ பாருங்கம்மா, குரலுக்கான நரம்பு இதுக்குப் பின்னாடியே போகுது, நூல் மாதிரி இருக்கும். நாங்க ஜாக்கிரதையாத்தான் பண்ணுவோம். நூத்துல ஒருத்தருக்குக் குரல் கம்மிடலாம். சில பேருக்குச் சத்தமாக் கத்த வராது, மேல் ஸ்தாயி எட்டாது. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" பேசுகிற வேலை என்று சொன்னாள். டீச்சரா என்றாள் டாக்டர். ஆமாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள்? துரைசிங் பக்கத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்தார். நூல் மாதிரி. நூலைப் பென்சிலால் ஒரே கோடாக இழுத்திருந்தாள் அந்தப் பெண், கோடு தாளின் ஓரம் வரை போய் அங்கே நின்றுவிட்டது, தாள் முடிந்துவிட்டதால்.

இந்தக் குரலை யார் விரும்பினார்கள், யோசித்துப் பார்த்தால். தெற்கே, சொந்த ஊரான நாசரேத்தில், பள்ளிக்கூடப் பாடகர் குழுவில் மற்றப் பெண்பிள்ளைகள் எல்லாம் மேலே பறந்துகொண்டிருக்க, பன்னிரண்டு வயசு ஹெப்சிபாவை ஆண்களின் வரிசைக்குத் தள்ளி நிறுத்தினார்கள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் கொடுங்கோல் ராஜா வேஷம் அவளுக்குத்தான், மீசை ஒட்டிக்கொண்டு. பெண் பார்க்க வந்த துரைசிங்கின் அம்மா, பிள்ளைக்குச் சளியா என்று கேட்டாள். துரைசிங்தான், குரல் நல்லாயிருக்கு, ரேடியோ மாதிரி இருக்கு என்றார், அதற்காகவே அவருக்குச் சரி சொன்னாள். சென்னைக்கு வந்து ஐசிஎஃப் குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது யாரோ சொல்லித்தான் முதல் தடவை மைக் முன்னால் நின்றாள், ஒரு தெலுங்குப் படத்தில் சூனியக்காரி. அன்றிலிருந்து நாயகி ஒருத்திக்கும் அவள் பேசியதில்லை. பேசியவர்கள் எல்லாம் கடைசியில் தோற்பவர்கள், செருப்படி வாங்குபவர்கள், மன்னிப்புக் கேட்டு அழுபவர்கள். அவர்களை வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல் ஸ்டூடியோவிலேயே கழற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். இவளை மட்டும் முடியவில்லை. இவள் தோற்பாள், ஆனால் யாரிடமும் கெஞ்சுவதில்லை, கெஞ்சாததை ஒரு பெருமையாகக் காட்டிக்கொள்வதும் இல்லை. பத்தாவது எபிசோடில் கரையை வெட்டச் சொல்வதற்கு முன்னால், மூன்று ஊருக்கும் ஆளனுப்பி சனங்களையும் விதைநெல்லையும் மேட்டுக்கு ஏற்றச் சொல்கிறாள். ஆள் இரண்டு ஊருக்குத்தான் போய்ச் சேர்கிறான். மூன்றாவது ஊர் இசாமுவுடையது. போய்ச் சேரவில்லை என்று அவளுக்குத் தெரிந்த பிறகும் வெட்டு என்கிறாள். பேப்பரில் ஒரே சொல், வெட்டு. பதினேழு டேக் போனது அதற்கு. கத்தினால் கொடுமைக்காரியாகிறாள், குழைந்தால் பொய்க்காரியாகிறாள். பதினேழாவது டேக்கில்தான் ஹெப்சிபாவுக்கு ஜப்பான்காரியின் ரகசியம் பிடிபட்டது. அந்த அம்மா பொய் சொல்வதற்கு முன்னால் மட்டும்தான் மூச்சு இழுக்கிறாள். தூதனிடம், எதிரியிடம், கணக்கப்பிள்ளையிடம் பொய் சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாம் மெல்லிசாக ஒரு இழுப்பு. உண்மை சொல்லும்போது மூச்சுக்கு நிற்காமல் இருக்கிற காற்றிலேயே சொல்லிவிடுகிறாள். வெட்டு என்பதற்கு முன்னால் மூச்சு இல்லை. என்ன மனுஷி! உலகத்தின் அந்தக் கோடியில் ஒரு கூண்டுக்குள் நின்று, யாரும் கவனிக்கப்போவதில்லை என்று தெரிந்தும், இப்படி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறாளே. ஹெப்சிபா அன்றைக்கு வீட்டுக்கு வந்து துரைசிங்கிடம் அரைமணி நேரம் இதையே சொன்னாள். அவர் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டே, "அப்போ டாக்டர்ட்ட டீச்சர்னு சொன்னியே, மூச்சு இழுத்தியா?" என்றார்.

"போகலாமாக்கா?" சிவப்பு விளக்கு எரிந்தது. நாற்பது விநாடியும் ஒரே மூச்சுப்போல் போனது. ஆறு தன் பாட்டில் கிடந்தது, அதை நான்தான் எழுப்பினேன் என்று தொடங்கி, கரையை வெட்டிய மண்வெட்டிகளின் சத்தம், தண்ணீர் முதலில் ஒரு ஓடையைப்போல் வெட்கப்பட்டு வந்தது, பிறகு வெட்கத்தை விட்டுவிட்டது. இந்த மொழிபெயர்ப்பாளர் நல்லாத்தான் எழுதியிருக்கிறார், கடைசி வரியை மட்டும் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அந்த இடம் வந்தது. முகம் வந்தது. ஹெப்சிபா பேசவில்லை. படம் ஓடி நின்றது. "என்னாச்சுக்கா?" என்றான் கிரிதரன். "லிப் ஒட்டாது கிரி," என்றாள். "ஆட்சிக்காகத்தான்னா வாய் ஆன்னு தொறந்து கெடக்கும். அங்க மூடித் தொறந்து மூடுது, பாருங்க." அவன் பார்த்தான். "சிரிப்புல மறைஞ்சிடும்க்கா. சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க, ஹஹ்ஹஹ்ஹா, ஆட்சிக்காகத்தான்! அப்படி." "அவ அந்த இடத்துல சிரிக்கல, கிரி." "தெரியும். கம்பெனி கேக்குது. சின்னப் பசங்க பாக்கறது, வில்லின்னா வில்லின்னு புரியணும்னு மெயில் போட்டிருக்காங்க. ஒண்ணு எடுத்துடலாம், ப்ளீஸ்." எடுத்தார்கள். சிரித்தாள். இருபத்தொன்பது வருஷத்துச் சிரிப்பு, தொண்டையின் அடியிலிருந்து புறப்பட்டு மேலே போய் உடைகிற சிரிப்பு, தூங்கும்போது எழுப்பிக் கேட்டாலும் வரும். கட்டியின்மேல் உரசிக்கொண்டு போனது. முடிந்ததும் அஷ்ரஃப் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். ஹெப்சிபா திரையைப் பார்த்தாள். வெள்ளை பூசிய அந்த முகத்தில் சிரிப்புக்கு இடமே இல்லை, கண்ணோரத் தசை ஒன்றுகூட அசையவில்லை. நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு எழுத்தன் பேய் என்று எழுதியது போதாதென்று இன்றைக்கு வடபழனியில் ஒருத்தி அவள் வாயில் இந்தச் சிரிப்பை வைத்துத் திணித்திருக்கிறாள், நான்தான், நானேதான். விதைநெல்லைப் பரணில் ஏற்றிவிட்டேன் என்று தங்கைக்கு எழுதியவளின் வாயில்.

"ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்க," என்று ஹெட்போனைக் கழற்றாமலேயே ஸ்டூலில் உட்கார்ந்தாள். ப, ம, வ இல்லை, வ உதட்டை மூடாது. மூடித் திறந்து மூடுகிற சொல். போதும். போதும் என்பது ஒட்டும். ஏன் செய்தாய் என்றால் போதும் என்று சொல்வாளா? அது அலுப்பு, அவளுக்கு அலுப்பு இல்லை. பாவம். ஐயோ, கூடாது, அது அவளை மண்டியிட வைத்துவிடும். மனம். மானம். மானத்துக்காக என்று சொன்னால் கம்பெனிக்கும் பிடிக்கும், கைதட்டுவார்கள், ஆனால் மானத்துக்காக ஊரை முக்குகிறவள் இல்லையே இவள். மனசு ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தது, வைத்துவிட்டு, நடுவில் இருக்கிற ஒன்றை மட்டும் தொடாமல் சுற்றிப் போனது, வீட்டில் அலமாரியில் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கிற தட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் துடைப்பதுபோல. அவளுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அன்றைக்கு வீட்டில் பார்த்தபோதே தெரியும். ஏன் செய்தாய் என்று கேட்கிறான், எனக்குப் பயமாக இருந்தது என்கிறாள். பெரிய படை வெளியே நிற்கிறது, அறுநூறு பேர் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒன்பது வருஷமாக ஒருத்தரிடமும் அவள் சொல்லாத சொல், சொன்னால் கோட்டை அன்றைக்கே விழுந்திருக்கும். அதனால் சொல்லவில்லை. விசிறியைச் சத்தம் கேட்காமல் வைத்தாளே, அது அமைதி என்றல்லவா இத்தனை நாளும் நினைத்தேன். கை நடுங்குகிறவள்தான் அப்படிப் பார்த்துப் பார்த்து வைப்பாள். எல்லாம் முடிந்த பிறகு, ஊரை இழந்தவன் எதிரில் நின்று கேட்கும்போது, அவனுக்கு அவள் கொடுக்கிறது அந்தச் சொல்லைத்தான். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவன் அவளை வெறுத்துக்கொண்டே நிம்மதியாகப் போயிருப்பான். பயமா? வியாழக்கிழமையை நினைத்து எனக்கு என்ன இருக்கிறது? ரெண்டு மாசமாகக் கேட்கிறவர்களிடம் எல்லாம் ஒண்ணுமில்லை என்கிறேன், துரைசிங்கிடம் ஒண்ணுமில்லை, டாக்டரிடம் ஒண்ணுமில்லை, ஜெபத்தில்கூட ஆண்டவரிடம் மற்றவர்களுக்காக வேண்டிக்கொண்டு எழுந்துவிடுகிறேன். கோட்டைக்குள் யார் இருக்கிறார்கள் என்று இத்தனை காவல்? ஒரு கட்டி இருக்கிறது. ஒரு நூல் இருக்கிறது.

எழுந்து மைக் அருகே வந்தாள். "கிரி, பேப்பர்ல இருக்கிறதை எடுத்தாச்சு. கம்பெனிக்கு அதை வெச்சுக்குங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்துக் கொடுங்க. ஒட்டிச்சுன்னா அனுப்புங்க, ஒட்டலைன்னா அழிச்சிருங்க." கிரிதரன் டீக் கப்பைக் கீழே வைத்தான். "என்ன சொல்லப் போறீங்க?" "மூலத்துல என்ன இருக்கோ அது." அவன் தன் முன்னாலிருந்த ஆங்கில வசனத் தாள்களைப் புரட்டி எங்கோ ஓர் இடத்தில் விரலை வைத்துப் படித்தான், படித்துவிட்டு நிமிர்ந்தான். "இதைச் சொன்னா வில்லியே இல்லைன்னு ஆயிடும்க்கா." "ஆகாது. ஊரு முங்கினது முங்கினதுதானே. இன்னும் மோசமாத்தான் ஆகும்." அஷ்ரஃப் படத்தைப் பின்னால் இழுத்தான். சிவப்பு விளக்கு. இசாமுவின் முகம், இரண்டாவது தடவை ஏன் செய்தாய் என்கிற அவன் குரல், அது தமிழில் போன வாரமே வேறொருவர் பேசி வைத்தது, காதில் அழுகையோடு வந்து விழுந்தது. வெள்ளை முகம் திரையை நிரப்பியது. ஹெப்சிபா மூச்சு இழுக்கவில்லை. இழுக்கக் கூடாது என்று நினைத்துக்கூட இல்லை, உள்ளே மீதமிருந்த கொஞ்சக் காற்றில், கொடுங்கோல் ராஜாவாக ஒலித்த அதே அடிக்குரலில், பக்கத்தில் இருக்கிறவனுக்கு மட்டும் கேட்கிற அளவில் சொன்னாள். "பயம்." உதடு பிரிந்தது, மூடியது. திரையிலும் மூடியது. அந்த ஜப்பான்காரி எங்கேயோ, வெயில் விழுகிற ஒரு ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கலாம், தெரியாது. அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிரிதரன் பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டு, "இதைத்தான் அனுப்பறேன். அவங்க திட்டினா நான் பாத்துக்கறேன்," என்றான்.

அவள் வெளியே வந்து சோபாவில் உட்கார்ந்தாள். கிரிதரன் பழுப்பு உறையையும் பேனாவையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். பேனாவின் மூடியைக் கழற்றி மறுபக்கம் சொருகுகிற நேரத்துக்குள் இன்னும் மூன்று நாள் கழித்துச் சொல்லலாம், ஆபரேஷன் முடிந்து சொல்லலாம், ஒன்றுமே ஆகாவிட்டால் சொல்லவே வேண்டாம் என்று மூன்று கதவுகள் திறந்து மூடின. "கிரி, எனக்குத் தொண்டையில கட்டி இருக்கு. வர்ற வியாழக்கிழமை எடுக்கறாங்க. குரல் இதே மாதிரி வருமான்னு தெரியாது," என்றாள். எவ்வளவு சின்ன வாக்கியம். கிரிதரன் எதிரில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "எப்போலேர்ந்துக்கா?" "ரெண்டு மாசமாத் தெரியும்." "ரெண்டு மாசமா! பதினேழு டேக் எடுத்தேனே உங்களை, அன்னைக்குமா?" "அன்னைக்கும்." அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். பிறகு உறையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான், நகர்த்தியதற்காக வெட்கப்பட்டவன்போல் அதன்மேல் கையை வைத்தான். "கம்பெனிக்குச் சொல்லித்தான் ஆகணும். வேற ஆளுங்க குரலை அனுப்பச் சொல்வாங்க. ரெகார்டிங் மார்ச்லதான். அதுவரைக்கும் இழுத்துப் பாக்கறேன். உங்களுக்குத்தான்னு என்னால வாக்கு கொடுக்க முடியலக்கா." "வேண்டாம். சொன்னதே போதும்." அவன் கண்ணைப் பார்த்துப் பேசியது அவளுக்குப் பிடித்திருந்தது. ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க என்று அவன் சொல்லவில்லை. அஷ்ரஃப் வாசலில் வந்து நின்றிருந்தான், எங்கள் உம்மாவுக்கும் இதே ஆபரேஷன்தான், நாலு வருஷம் ஆச்சு, இன்னமும் தெரு முழுக்கக் கேட்கும்படி திட்டுகிறார்கள் என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள். பயமாயிருக்கு என்று சிரிப்பின் நடுவிலேயே அவள் சொன்னாள், யாரிடம் என்றில்லாமல். ஆமாம், இருக்கத்தானே செய்யும் என்றான் கிரிதரன். அப்படியே அந்தப் பயம் கூடத்தில் மற்ற சாமான்களோடு ஒரு சாமானாக உட்கார்ந்துகொண்டது.

மணி பன்னிரண்டை நெருங்கியது. கிளம்பலாம் என்று பையை எடுத்தபோது கிரிதரன் தயங்கித் தயங்கி, "க்ரவுடுக்கு, கூட்டத்துக் குரலுக்கு, வரச் சொன்ன மூணு பேரும் வரலக்கா. ஒரே ஒரு இடம்தான். ஆனா கத்தணும். வேண்டாம்னா வேண்டாம்," என்றான். எந்த இடம் என்றாள். ராணியின் கையைக் கட்டித் தெருவழியாக நடத்திக்கொண்டு போகிற இடம், முங்கிப்போன ஊர்களின் பெண்கள் இரண்டு பக்கமும் நின்று அவளைத் திட்டுகிறார்கள். ஹெப்சிபா பையை மறுபடி சோபாவில் வைத்தாள். வியாழக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, அதுவரைக்கும் இது என் தொண்டை. உள்ளே போய் மைக்குக்கு இரண்டடி தள்ளி நின்றாள். முதல் ட்ராக்கில் மூக்கால் பேசுகிற ஒரு கிழவியாகப் பாவி, பாவி என்று மண்ணை வாரித் தூற்றினாள். இரண்டாவதில் கீச்சுக்குரலில் ஒரு புதுப்பெண், எங்க வீட்டு ஆளைக் கொண்டா என்றாள். மூன்றாவதுக்குக் கையில் குரல் இல்லை. மாமியார், சூனியக்காரி எல்லாரையும் இந்தத் தெருவில் நிறுத்திப் பார்த்தாள், ஒருத்தியும் பொருந்தவில்லை. படம் ஓட ஆரம்பித்துவிட்டது. குரோசே ராணி வந்துகொண்டிருந்தாள், கொம்பணியைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள், வெள்ளைப்பூச்சு வியர்வையில் கரைந்து சாதாரண ஒரு பொம்பளையின் முகம் தெரிந்தது, ஒரு கையில் அடிபட்டிருந்தது, நிமிர்ந்துதான் நடந்தாள். இவளைப்போல் ஒருத்தியைத் தான் பார்த்ததில்லை என்று ஹெப்சிபாவுக்குத் தோன்றிய அதே நேரத்தில், ஆள் வந்து சொல்லாத மூன்றாவது ஊரில் விதைநெல்லோடு தண்ணீரில் போனவர்களும் தோன்றினார்கள், அவர்களுக்கும் பயம் இருந்திருக்குமே, தண்ணீர் வாசலுக்கு வந்தபோது. வீட்டில் பேசுகிற குரல்தான் வந்தது, எந்தப் படத்திலும் யாருக்கும் கொடுக்காத குரல், நாசரேத்துப் பேச்சு. "ஏ ராணி! எங்க ஊரை முக்கிட்டுப் போறியே, ஒனக்கு உறக்கம் வருதாட்டி?" என்று கூண்டு அதிரக் கேட்டாள். வரவில்லை, ஒரு நாளும் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த ஷாட்டில் ராணிக்கு வசனம் இல்லை. ராணி வாயை மூடிக்கொண்டு நடந்தாள். தெருவோரத்தில் நின்ற ஹெப்சிபா, அவள் தாண்டிப் போய்விடுவதற்குள், இன்னும் உரக்க, தொண்டை முழுவதையும் திறந்து மறுபடியும் கேட்டாள்.